சிக்கலைப் படம் பிடிப்போம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மொட்டை மாடியில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினைந்து நிமிடம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவனுக்கு நேரத்துக்கு மூடுவது பழக்கம்தான். அதனால் பயப்பட வேண்டாம்.

நம் வாட்ஸ்ஆப் குழுவில் நான் போடும் படங்களைப் பார்த்துப் பலர் கேட்கிறீர்கள். "சார், பூ, சூரிய உதயம், கோயில் கோபுரம் என்று அழகாக எடுக்கக் கூடாதா? எப்போது பார்த்தாலும் வேர், கொடி, கயிறு, வயர் என்று சிக்குப் பிடித்ததாகவே எடுக்கிறீர்களே, ஏன்?" இன்று அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் லெட்ஜர்தான். சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், மொத்தத் தொகையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரு வவுச்சரைக் கையில் எடுக்க வேண்டும். அது எங்கே பதிவானது, எங்கே போய் முடிந்தது என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். பிறகு அடுத்தது. சிக்கும் அப்படித்தான். மொத்தமாகப் பார்த்தால் தலை சுற்றும். ஓர் இழையைப் பிடித்துக் கண்ணாலேயே அதன் பின்னால் போனால் மெதுவாகப் புரியும். அப்படிப் போக வைப்பதற்கு கேமராவைப் போல ஒரு துணை இல்லை. கைப்பேசி கேமராவே போதும்.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெரிந்தது. சிக்கு எல்லாம் ஒரே ஜாதி இல்லை. சில சிக்கு தாங்கிப் பிடிக்கும். சில சிக்கு யாரும் கணக்குப் பார்க்காததால் சேர்ந்தது. சில சிக்கு உயிரை வாங்கும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளத்தான் படம்.

முதலில் தாங்கும் சிக்கு. நம் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வில்லியனூர் பக்கம் போனாலும் சரி, பாகூர் பக்கம் போனாலும் சரி, பனை மரத்தைக் கட்டிப் பிடித்தபடி ஆலோ அரசோ வளர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பறவை தின்று போட்ட விதை பனையின் மட்டை இடுக்கில் முளைக்கிறது. வேர் மேலிருந்து கீழே இறங்கி மண்ணைத் தொடுகிறது. தொட்ட பிறகு தடிக்கிறது. படம் எடுக்கும்போது எந்த வேர் மண்ணைத் தொட்டுவிட்டது, எது இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். தடிமனைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விழுதின் அருமை பெரிய மரங்களில் தெரியும். சென்னை அடையாறு பிரம்மஞான சபையில் இருக்கும் ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. மரம் இன்னும் இருக்கிறது. கொல்கத்தா பக்கம் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவில் உள்ள ஆலமரத்தில் பூஞ்சை நோய் வந்ததால் நடு மரத்தை 1925-ல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒன்றுமில்லை, சுற்றிலும் ஆயிரக்கணக்கான விழுதுகளில் அது நிற்கிறது. சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்துக்குப் படகில் போனவர்கள் சுரபுன்னை மரத்தின் வேர்களைப் பார்த்திருப்பீர்கள். சேற்றில் நிற்க வேண்டிய மரம், நாலா பக்கமும் கால் ஊன்றி நிற்கிறது. நமக்கு அது சிக்கு, மரத்துக்கு அஸ்திவாரம்.

தூக்கணாங்குருவிக் கூடும் இந்த வகைதான். நெல் வயலை ஒட்டிய பனையிலும் ஈச்ச மரத்திலும் தொங்கும். நெல் தாளையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து ஆண் குருவிதான் பின்னுகிறது. ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை பறந்து போய் வருமாம். பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்வையிடும். பிடித்தால்தான் மீதி வேலை. பிளாட் வாங்குவதற்கு முன்னால் நம் வீட்டு அம்மாக்கள் வந்து பார்த்த மாதிரிதான். தூரத்திலிருந்தே ஜூம் செய்து எடுங்கள். குஞ்சு இருக்கும் காலத்தில் கிட்டே போக வேண்டாம்.

இதே வகையில் நம் வாசலிலேயே ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயரே சிக்குக் கோலம். புள்ளி வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே கோடு சேர வேண்டும். பல கோலங்களில் முழுவதும் ஒரே கோடுதான். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் கோலத்தின் விதிகளைக் கணினி இலக்கணமாக எழுதி 1974-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். கோலத்தைப் படம் எடுக்க முதல் மாடி பால்கனிதான் நல்ல இடம். காலை ஏழு மணிக்குள் வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் மாவின் மேடு தெரியும். எடுத்த பிறகு வீட்டில் உட்கார்ந்து விரலால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

பார்த்தவுடன் முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கும் இரண்டு உதாரணம் சொல்கிறேன். வயல் வரப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழுந்து ஆடும். "சாரையும் நல்ல பாம்பும் இணை சேருது" என்று ஊரே கூடும். வெள்ளை வேட்டியைப் போட்டு எடுத்து வைத்தால் அதிர்ஷ்டம் என்றும் சொல்வார்கள். தள்ளி நின்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் சாரைதான், படம் எடுக்கும் பாம்பு அதில் இல்லை. இரண்டும் ஆண். நடப்பது மல்யுத்தம். ஒன்றை ஒன்று கீழே அழுத்தப் பார்க்கிறது. தோற்றது விலகிப் போய்விடும். வேட்டி நமக்கு மிச்சம்.

இன்னொன்று கொத்தான் கொடி. கடற்கரைப் பக்கம் வேலியிலும் புதரிலும் இலையே இல்லாமல் நூல் கண்டு அவிழ்ந்த மாதிரி படர்ந்திருக்கும். வெயிலில் பார்க்க அழகு. கிட்டே போய் எடுத்த படத்தில், அந்த நூல் செடியைத் தொடும் இடங்களில் சின்னச் சின்ன புடைப்பு தெரியும். அதன் வழியாகத்தான் அடுத்த செடியின் சாரத்தை உறிஞ்சுகிறது. கட்டிப் பிடித்திருப்பதெல்லாம் உறவு இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல படம் என்னிடம் கிடையாது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரியை ஒட்டித்தான் கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது எல்லோருக்கும் நினைவிருக்கும். மழை விட்டு ஊருக்குக் கரண்ட் வந்த பிறகும் நம் ஏ பிளாக்கில் சில வீடுகளுக்கு வரவில்லை. அதில் ஒரு வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருந்த ஒரு பெரியவர். எலக்ட்ரீஷியன் தம்பி டார்ச் அடித்துக்கொண்டு மீட்டர் அறையில் வெகுநேரம் நின்றார். வேலை தெரியாமல் இல்லை. எந்த வயர் எந்த வீட்டுக்குப் போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. வீட்டில் மாற்று சிலிண்டர் ஒன்று வைத்திருந்தார்கள், அதனால் சமாளித்தோம். அந்தச் சிலிண்டர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வாரமே எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏ பிளாக் வயர்களைப் படம் எடுத்தேன். பெரிய தாளில் பிரின்ட் போட்டேன். கலர் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, "இது உங்களுடையதா?" என்று கேட்டு டிக் அடித்தேன். பழைய பாஷையில் சொன்னால் ரிகன்சிலியேஷன். கேபிள், டிஷ், இன்டர்நெட், இன்வர்ட்டர் எல்லாம் சேர்த்து மொத்தம் 42 வயர். ஆள் இருந்தது 26-க்குத்தான். மீதி 16 வயர் யாருக்கும் சொந்தமில்லை. புது இணைப்பு கொடுக்க வருபவர் பழையதைக் கழற்றுவதில்லை, அதன் மேலேயே புதியதை இழுத்துவிட்டுப் போகிறார். வாடகைக்கு இருந்தவர் காலி செய்கிறார், வயர் மட்டும் காலி செய்வதில்லை. வங்கியில் இதை இயங்காக் கணக்கு என்போம். அங்கே அது பேசாமல் கிடக்கும். இங்கே மழைத் தண்ணீரை உள்ளே கூட்டி வருகிறது, எலிக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது, அவசரத்தில் உயிருள்ள வயரை மறைக்கிறது.

மூன்றாவது வகைக்கு வருவோம். பட்டம் விடும் நைலான் மாஞ்சா நூலை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனாலும் மரக்கிளையில் சிக்கிக் கிடக்கத்தான் செய்கிறது. பருத்தி நூல் மக்கிப் போகும், நைலான் அப்படியே இருக்கும். கடலிலும் இதே கதைதான். நல்லவாடு, வீராம்பட்டினம் பக்கம் மீனவர்கள் மணலில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு ஊசியால் கிழிசலைத் தைப்பதைப் பாருங்கள். குவியலாகக் கிடந்தாலும் அது சிக்கு இல்லை, ஒவ்வொரு கண்ணியும் அவர்களுக்குக் கணக்கில் இருக்கிறது. அறுந்து கடலோடு போன வலைக்குத்தான் கணக்கு இல்லை. ஆமையானாலும் மீனானாலும் அதில் மாட்டினால் தப்பாது. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி.

நம் பால்கனிகளில் புறாவுக்காகக் கட்டியிருக்கும் வலையும் கிழிந்துவிட்டால் இதே கதைதான். போன கோடையில் பி பிளாக் பின்பக்கம் ஒரு மைனா கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. கீழே நாலு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடி அம்மா ஒருவர்தான் கத்தரிக்கோலும் ஒரு துண்டுமாக வந்து, மைனாவைத் துண்டில் சுற்றிப் பிடித்து நூலை நறுக்கி விட்டார். படம் எடுக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாட்டிக்கொண்டது உயிராக இருந்தால் கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். இழுக்காதீர்கள், இழுத்தால் நூல் இறுகும். நறுக்குங்கள். மின்கம்பியில் மாட்டியிருந்தால் மட்டும் நாம் தொடக் கூடாது, மின்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்ல வேண்டும்.

எடுக்கும் முறை பற்றிச் சிலர் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சிக்கலான பொருளில் கேமராவுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது. பின்னால் இருப்பதைத் தெளிவாக்கி முன்னால் இருப்பதை மங்கலாக்கிவிடும். அதனால் ஓர் இழையைத் தேர்ந்தெடுத்துத் திரையில் அதன் மேல் விரல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் அங்கேயே நிற்கும். ஃபிளாஷ் வேண்டாம், எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால் எது மேலே, எது கீழே என்று நிழலே சொல்லிவிடும். பின்னணி வெறும் சுவராகவோ வானமாகவோ இருக்கட்டும். ஒன்றை மூன்று படமாக எடுங்கள். தள்ளி நின்று ஒன்று, நடுத்தரத்தில் ஒன்று, முனையோ முடிச்சோ தெரிகிற மாதிரி கிட்டே ஒன்று. நிறம் குழப்பினால் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வயருக்கு மட்டும் மாற்றாதீர்கள், அங்கே நிறம்தான் அடையாளம்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு மூன்று யோசனை. ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பி, சி பிளாக் வயர்களையும் இதே மாதிரி படம் எடுத்துக் கணக்குப் பார்ப்போம். எலக்ட்ரீஷியன் கூட இருக்க வேண்டும், அவர் இல்லாமல் யாரும் எதையும் தொடக் கூடாது. ஆள் இல்லாத வயரைக் கழற்றிவிட்டு, மீதிக்கு வீட்டு எண் எழுதிய பட்டை கட்டுவோம். டிக் அடித்த தாளை மீட்டர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்போம். இரண்டு, கிழிந்த புறா வலை உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள், முடியாத பெரியவர்களுக்கு நம் இளைஞர்கள் உதவட்டும். மூன்று, மார்கழியில் பிள்ளைகளுக்குச் சிக்குக் கோலப் படப் போட்டி வைப்போம். ஒரே கோடா, இரண்டு கோடா என்று சரியாகச் சொல்பவருக்குப் பரிசு என் செலவு.

தாங்குகிற சிக்கை விட்டுவைப்போம். கணக்கில்லாத சிக்கைப் பிரிப்போம். உயிரை வாங்கும் சிக்கை நறுக்குவோம். ஏ பிளாக் தாள் என் பையில் இருக்கிறது, டீ குடிக்கும்போது பார்க்கலாம். பி, சி பிளாக்குக்குப் பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.