தும்பைப் பூவும் திருநந்தவனமும்



திருக்குடமுழுக்கு விழாவில் பொற்கலசமும் வெள்ளிக் கவசமும் வழங்கும் செல்வர்தம் கொடையைப் போற்றப் புலவர் பலருளர். கடைத்தெருவில் பெரும்பாலும் விலைக்கு வாராத ஒரு சிறு பூவே ஈண்டுப் பேச எடுத்துக்கொண்ட பொருள். அது தும்பை.

துளசி, திருநீற்றுப்பச்சை, கருப்பூரவல்லி, புதினா ஆகியவை அடங்கிய குடும்பத்திலேயே தாவர நூலார் தும்பையையும் வைப்பர். நாற்கோணத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு விரிந்தாற்போன்ற பூ என்பன அக்குடும்பத்தின் அடையாளங்கள். துளசி மாடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தும்பையோ மழை ஈரத்தில் முளைத்து, ஓரடி ஈரடி உயர்ந்து, பூத்துக் காய்ந்துவிடும். பூவொன்றுக்கு நான்கு விதைவரை உண்டாம். அவை மண்ணிற் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும். நட்டு நீர்வார்ப்பார் வேண்டா. மண் இருந்தாற் போதும்.

வெள்ளை வேட்டிக்குத் தும்பைப் பூவை உவமை கூறாத தமிழர் இலர். மேனாட்டார் இதற்கிட்ட 'லூகாஸ்' என்னும் பெயரும் வெண்மை குறித்த கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே.

பண்டைத் தமிழர் இதனைப் போர்ப்பூவாகக் கொண்டனர். தொல்காப்பியனார் தும்பையை நெய்தலின் புறனாக வைத்தார். நிரை கவரச் செல்வார் வெட்சி சூடுவர். மீட்பார் கரந்தை சூடுவர். நேர்நின்று பொரும் இரு வேந்தர்க்கோ பூ ஒன்றே, அது தும்பை. உயிரை ஒரு பொருளாக எண்ணாதார் சூடிய அப்பூவே தேவாரத் திருப்பதிகங்களில் இறைவன் சடையில் எருக்கோடும் ஊமத்தையோடும் விளங்கக் காண்கிறோம். தன்னை முழுதும் கொடுத்தார்க்கு உரிய பூ இரண்டிடத்தும் ஒன்றாயிருத்தல் வியப்பன்று. கன்னட நாட்டாரும் சிவராத்திரியில் தும்பையைச் சிறப்பாகத் தேடிச் சாத்துவர்.

திருப்புகலூரில் முருக நாயனார் நாள்தோறும் வைகறையில் நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலருங் கொய்து இறைவற்குச் சாத்தினார் எனச் சேக்கிழார் பெருமான் அருளுவர். தும்பை நிலப்பூ வகையினது. அதே திருப்புகலூரில்தான் அப்பரடிகள் உழவாரப் படை கொண்டு திருமுற்றத்தைச் செதுக்கினார். ஆங்குப் பொன்னும் மணியும் தோன்றப் புல்லோடொப்பக் கருதி அவற்றை வாவியில் எறிந்தார்.

அப்பெருமான் பெயரால் இன்று உழவாரத் தொண்டு புரியும் அன்பர்தம் உழைப்பு போற்றுதற்குரியது. ஆயினும் பயிர் இது, களை இது எனப் பாராது அனைத்தையும் வேரொடு களைந்து, களைக்கொல்லியும் தெளித்து, திருச்சுற்று முழுமையும் கல்லும் சிமிட்டியும் பரப்பிவிடுதல் சில இடங்களில் நிகழ்கின்றது. தளம் இட்டவர் பெயர் கல்லில் நிற்கும். தும்பைக்கு மட்டும் முளைக்க இடமிராது. காலையில் ஒரு பிடி தும்பை கொய்து வரும் ஏழையடியாரும் வெறுங்கையோடு நிற்பர். இது சிறு குறையென்று தள்ளத்தக்கதன்று.

எனவே, திருப்பணிச் செல்வர் நந்தவனத்தின் ஒரு மூலையையேனும் தளமிடாது விடுக. மழைக்குப்பின் முளைக்கும் தும்பையை விதை முற்றிக் காயும்வரை பிடுங்காதிருக்க. கொய்யுங்கால் பெருவிரலும் சுட்டுவிரலும் கொண்டு மெல்ல இழுப்பின் வெண்பூ மட்டும் தனித்து வரும். பசுங்கொத்துச் செடியிலேயே நிற்கும். ஒவ்வொன்றாகவே எடுத்தல் வேண்டுமாதலின், ஓர் இலைக்கிண்ணம் நிரம்புமுன் பொழுது நன்கு விடிந்துவிடும்.