கங்கைக் கரையில் ஒரு நூலகம்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தில் ஒரு புத்தக அலமாரி இருப்பது சிலருக்காவது நினைவிருக்கும். அதை என்ன செய்வது என்று சென்ற கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு வந்தது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை. அதனால்தான் இன்று உத்தர்பாராவைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன்.

ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் போனால் பாலிக்கு அடுத்த ஸ்டேஷன் உத்தர்பாரா. இத்தனை வருஷமாகக் கல்கத்தாவில் இருக்கும் நம்மில் பலர் அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்போம், இறங்கியிருக்க மாட்டோம். கங்கைக் கரையில் பெரிய தூண்களோடு இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று அங்கே நிற்கிறது. ஜெயகிருஷ்ண முகர்ஜி என்ற ஜமீன்தார் தம் சொந்தப் பணத்தில் கட்டி, 1859 ஏப்ரல் 15 அன்று திறந்து வைத்த பொது நூலகம்.

அவர் முதலில் அரசாங்கத்திடம்தான் போனார். 1854ல் உதவி கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட விண்ணப்பங்களில் குறிப்பு எழுதி அனுப்பியவன்தான். ஆகவே அந்தக் கோப்பு எப்படி நகர்ந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது! மனிதர் சோர்ந்துபோகவில்லை.

இதில் முக்கியமான விஷயம், அங்கே படிக்கக் கட்டணம் கிடையாது. 1836ல் தொடங்கிய கல்கத்தா பப்ளிக் லைப்ரரியில் 300 ரூபாய் கட்டினால் ஒருவர் அதன் பங்குதாரர் ஆகலாம். அந்த நாள் 300 ரூபாய் என்றால் யாருக்குச் சாத்தியம் என்று யோசித்துப் பாருங்கள். நம் சென்னையின் கன்னிமரா நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது 1896ல். அதற்கு 37 வருஷங்களுக்கு முன்பே இந்தச் சிறிய ஊர் தன் கதவைத் திறந்துவிட்டது. ஜெயகிருஷ்ணர் வழக்கு வியாஜ்யங்களுக்கு அஞ்சாத, கறாரான ஜமீன்தார். அப்படிப்பட்டவர் புத்தக விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

வங்காளத்தைப் பற்றி எழுதிய டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் இங்கே வந்து புத்தகங்களைப் பார்த்திருக்கிறார். கவி மைக்கேல் மதுசூதன் தத் 1873ல் உடல்நலம் கெட்டு, கையில் காசில்லாமல், மனைவி குழந்தைகளோடு இந்த நூலகத்தின் மாடியில்தான் தங்கினார். நமக்கு அவரிடம் ஒரு பாத்தியதை உண்டு. 1848 முதல் 1856 வரை அவர் சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். முதல் கவிதைப் புத்தகம் சென்னையில்தான் அச்சாயிற்று. மனைவி ஹென்ரியட்டாவும் சென்னையில் அறிமுகமானவரே. உத்தர்பாராவிலிருந்து கல்கத்தா திரும்பிய பின், ஜூன் 26 அன்று அந்த அம்மாள் காலமானார். மூன்று நாள் கழித்து அவர். ‘மேகநாத வத’ காவியம் எழுதியவருக்குக் கடைசியில் இடம் கொடுத்தது ஒரு லைப்ரரி மாடி. அந்த மாடிப்படியில் ஏறும்போது எனக்கு என்னவோ செய்தது.

அலிப்பூர் சிறையில் ஓராண்டு இருந்து விடுதலையான அரவிந்தர், 1909 மே 30 அன்று தம் பிரசித்தி பெற்ற உத்தர்பாரா உரையை நிகழ்த்தியதும் இந்த நூலகத்தின் திறந்தவெளியில்தான். சிறையில் எங்கும் வாசுதேவனையே கண்டதாக அவர் சொன்னது அங்கேதான். மறு வருஷமே அவர் புதுச்சேரிக்கு வந்துவிட்டார்.

ஜெயகிருஷ்ணருக்கு முதுமையில் பார்வை போய்விட்டது. 1886ல் கல்கத்தா காங்கிரஸில் தாதாபாய் நௌரோஜியைத் தலைவராக முன்மொழிந்தபோது அவருக்குக் கண் தெரியாது. இரண்டு வருஷம் கழித்துக் காலமானார். தாம் சேர்த்த புத்தகங்களில் ஒரு பக்கம்கூடக் கடைசி நாட்களில் அவரால் படிக்க முடியவில்லை. மற்றவர்கள் படித்தார்கள். பின்னர் 1964ல் மாநில அரசே நூலகத்தை ஏற்றுக்கொண்டது. 110 வருஷம் முன்னால் கேட்ட உதவி!

நம் அலமாரிக்கு வருகிறேன். கண்ணாடி வழியாகப் பார்த்தவரை பழைய பைண்டு வால்யூம்கள், ராமாயண உபன்யாசங்கள், குழந்தைகள் புத்தகங்கள் தெரிகின்றன. பேப்பர்காரர் எடைக்குத்தான் விலை சொல்வார். இங்கே வளரும் நம் பேரக் குழந்தைகளில் பாதிப்பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர்களும், பக்கத்துத் தெரு வங்காளிப் பிள்ளைகளும்கூட, சந்தா இல்லாமல் வந்து உட்காரட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் 10 மணி முதல் 12 மணி வரை அலமாரியைத் திறந்து வைத்து உட்கார நான் தயார். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் கமிட்டி விசாரித்துச் சொல்ல வேண்டும்.