படிவம் ஒன்றில் ஆங்கில வகுப்பு: யாரிடம் எதை எதிர்பார்ப்பது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். அடுத்த ஆண்டு படிவம் ஒன்றுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பில் என்ன காத்திருக்கிறது என்று பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

தோட்டத்திலிருந்து வந்த ஒரு பையன், கடைசி வரிசை, வாயே திறக்கமாட்டான். ஒருநாள் எழுப்பிப் படிக்கச் சொன்னேன். 'ரைஸ்' என்ற சொல்லை 'ரீச்சே' என்று படித்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மதிப்பெண் அட்டையில் 'கவனமில்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவன் புத்தகமே கொண்டுவரவில்லை. படிவம் மூன்றோடு படிப்பையும் விட்டுவிட்டான்.

பல ஆண்டுகள் கழித்து உம்பாயில் சுட்ட மீன் கடை ஒன்றில் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "சார், மலாய் படிக்கிற மாதிரிதான் அதையும் படிச்சேன். இங்கிலீஷுக்கு வேற கணக்குன்னு யாரும் சொல்லலே சார்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் சொன்னது உண்மை. மலாயில் எழுதியபடியே படிக்கலாம். 'சி' எழுத்துக்கு எப்போதும் 'ச' ஒலிதான். கடைசியில் வரும் 'ஈ' எழுத்தையும் விழுங்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குப்படி 'ரீச்சே' சரியான படிப்பு! கவனமில்லாத பிள்ளை அப்படிப் படிக்கமாட்டான். கவனமில்லாமல் இருந்தவன் நான்தான்.

ஆகவே மாணவர்களே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. பிழை வரும், வந்தே தீரும். பிழையோடு வாய் திறக்கிற பிள்ளைதான் வகுப்பில் முன்னேறுகிறது.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளியில் படித்ததால் பின்தங்கிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மலாயில் 'பெர்கி' என்ற சொல் நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் மாறாது. தமிழிலோ போனேன், போகிறேன், போவேன் என்று காலத்துக்கு ஏற்ப மாறும். ஆங்கிலத்திலும் வினைச்சொல் காலம் காட்டும். அந்தப் பழக்கம் உங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. சொல் வரிசைக்கு மலாய் உதவும். நாம் 'நான் சோறு சாப்பிட்டேன்' என்கிறோம். மலாயில் 'சாயா மாக்கான் நாசி', ஆங்கிலத்தில் 'ஐ ஏட் ரைஸ்'. இரண்டிலும் சோறு கடைசியில்தான். ஆக, இரண்டு மொழிகளின் துணையோடுதான் நீங்கள் மூன்றாவது மொழிக்குப் போகிறீர்கள்.

மூன்றாவது, வகுப்பில் என்ன எதிர்பார்ப்பார்கள்? கல்வி அமைச்சு 2015-இல் வெளியிட்ட ஆங்கிலக் கல்வித் திட்டத்தில், ஐரோப்பிய மொழித்தர அளவின்படி, ஆரம்பப்பள்ளி முடிவில் ஏ2, இடைநிலைப்பள்ளி முடிவில் பி1 அல்லது பி2 என்று இலக்கு வைத்தார்கள். ஏ2 என்றால் குடும்பம், கடை, வேலை பற்றி எளிய வாக்கியங்களில் பேசிப் புரிந்துகொள்வது. பி1 என்றால் நடந்ததை விவரிப்பது, தன் கருத்துக்குக் காரணம் சொல்வது. 2000-ஆம் ஆண்டு முதல் இலக்கியப் பகுதியும் ஆங்கிலப் பாடத்தில் சேர்ந்தது. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் படித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்கள். மனப்பாடம் செய்த கட்டுரை ஒன்றை வைத்துக் கரையேறிவிடலாம் என்று இருந்தால் முடியாது. பேச்சுக்கே தனித் தாள் இருக்கிறது. கடைசி வரிசை மௌனத்தின் விலை அங்கேதான் தெரியும்.

பெற்றோர்களே, "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே, நாங்க என்ன செய்யிறது?" என்று கேட்பீர்கள். மூன்று காரியம் போதும். இரவில் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும், தடுமாறுகிறதா, சரளமாகப் போகிறதா என்று உங்கள் காதுக்குத் தெரியும். பிறகு, படித்ததைத் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். புரிந்திருந்தால்தான் சொல்ல வரும். மூன்றாவது, பெற்றோர் சந்திப்பு நாளில் அரைநாள் சம்பளம் போனாலும் போய் ஆசிரியரைப் பாருங்கள். "எம்புள்ள வகுப்புல பேசுறானா?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணை அப்புறம் கேட்கலாம்.

ஆங்கிலம் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். தமிழில் நாலு வார்த்தை கோர்வையாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்குத்தான் வேறு மொழியிலும் சொல்ல ஏதாவது இருக்கும். மூன்று மாதத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். செம்பனைக் கன்று நட்டால் முதல் குலை வெட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள். பிழையாகப் படிக்கும் பிள்ளை எந்தக் கணக்கில் அப்படிப் படித்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் அன்றைக்கு யோசிக்கவில்லை.

கடைசியாக மாணவச் செல்வங்களே, படிவம் ஒன்றில் முதல் நாள் முன் வரிசையில் உட்காருங்கள். தெரியாததைக் கை தூக்கிக் கேளுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் அடுத்த வரியைப் படியுங்கள்.

வாழ்க தமிழ்ப்பள்ளி, வளர்க நம் பிள்ளைகள்.