பக்கம் மாறினால் கதையும் மாறும்

(நமது பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காமிக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "இந்த வயசுல பொம்மப் புஸ்தகமா?" என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற பேரப்பிள்ளைகளின் செல்போனைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஜப்பான் கதையோ கொரியக் கதையோ ஓடிக்கொண்டிருக்கும். "ஏல, இது அந்த மாங்காதானே?" என்று கேட்டால், "இல்ல தாத்தா, இது மன்வா" என்று திருத்துவான். மாங்கா என்றால் உப்பும் மிளகாய்ப்பொடியும் ஞாபகம் வருகிற நமக்கு எல்லாம் ஒன்றுதான். உண்மையில் இரண்டும் ஒரே சீன எழுத்தால் எழுதப்படும் சொல். ஜப்பானியர் மங்கா என்கிறார்கள், கொரியர் மன்வா என்கிறார்கள். சொல் ஒன்று. கதை சொல்லும் விதம் வேறு.

அது எப்படி என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டிலும் கேட்டிருக்கிறோம், கணியான் கூத்திலும் கேட்டிருக்கிறோம். வில்லில் வீசுகோல் படப் படக் கதை ஓடும். பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போட்டுத் தள்ளிவிடுவார். கணியான் கூத்திலோ அண்ணாவி பாட, மகுடம் அதிர, பெண் வேடமிட்டவர்கள் ஆட, கதை நின்று நின்று நகரும். சாமி ஒன்றுதான், மேடை வேறு. மேடைதான் கதையின் நடையைத் தீர்மானிக்கிறது.

நமக்குப் பழக்கமான சிவகாசிப் புத்தகங்களையே எடுத்துக்கொள்வோம். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. அது இங்கிலாந்தில் 1962 முதல் 'வேலியண்ட்' வார இதழில் வந்த தொடர். வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். வாரம் இரண்டு மூன்று பக்கம்தான் இடம். அடுத்த வாரமும் பையன் காசு கொடுத்து வாங்க வேண்டுமல்லவா? அதனால் கடைசிக் கட்டத்தில் மாயாவி எதிலாவது மாட்டிக்கொள்வார். அந்தத் தொடரை மொத்தமாகச் சேர்த்து ஒரே புத்தகமாகத் தமிழில் படித்தபோது, இரண்டு பக்கத்துக்கு ஒரு ஆபத்து வந்ததன் ரகசியம் இதுதான். வேதாளர் கதை தினசரிப் பத்திரிகையில் தினம் மூன்று நான்கு கட்டம். முதல் கட்டம் நேற்று நடந்ததை நினைவூட்டும், கடைசிக் கட்டம் நாளைக்கு இழுக்கும்.

1984-இல் லயன் காமிக்ஸ் வந்த பிறகு, லக்கி லூக் போன்ற பெல்ஜிய, பிரெஞ்சு ஆல்பங்களும் நம் கைக்கு வந்தன. அந்த ஊரில் அது பெரிய அளவில், வண்ணத்தில், நாற்பத்தாறு பக்கத்தை ஒட்டி வருகிற கெட்டி அட்டைப் புத்தகம். அலமாரியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிற சாமான். அதனால் ஓவியர் பின்னால் இருக்கிற மளிகைக்கடைப் பலகையைக்கூட நிதானமாக வரைவார். வார இதழ்க்காரருக்கு அந்த நிதானம் கட்டுப்படியாகாது.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற வார இதழ், 1990-களின் நடுவில் வாரத்துக்கு 65 இலட்சம் பிரதிகளை எட்டியது. மலிவுத் தாள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, ஆனால் தலையணை போலப் பக்கங்கள். ஒரு கதைக்கு வாரம் இருபது பக்கம் போலக் கிடைக்கும். இடம் தாராளமாக இருந்தால் அவசரம் எதற்கு? 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்துக் கதையில் கடைசி ஆட்டத்தின் முடிவு நொடிகள், பக்கம் பக்கமாக, வசனமே இல்லாமல் நீள்கின்றன. மௌனத்தை வரையக் கற்றவர்கள் அவர்கள். அதிர்ச்சியை எங்கே வைப்பார்கள்? தாளைப் புரட்டியதும் வருகிற பக்கத்தில்! படிப்பதும் வலமிருந்து இடம். வசனத்தை மேலிருந்து கீழாக எழுதுவதால் பேச்சுக் குமிழ்கள் நெட்டையாக, ஒல்லியாக இருக்கும். 'போய்க்கொண்டிருந்தபோது' என்ற தமிழ்ச்சொல்லை அதற்குள் அடைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி!

கொரியாவின் கதை வேறு. ஜப்பானிய ஆட்சியிலிருந்து 1945-இல் விடுபட்ட நாடு அது. ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களுக்கு அங்கே வெகுகாலம் தடை இருந்தது. 1998-இல்தான் படிப்படியாக விலக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே ஜப்பானியக் கதைகள் பெயர் மாறித் திருட்டுத்தனமாக உலவியதும் உண்டு. கொரியர் படங்களிலும் அந்தச் சாயல் இருந்தது. அதே வழியில் போயிருந்தால் என்றைக்கும் இரண்டாம் இடம்தான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பக்கத்தையே விட்டுவிட்டார்கள்! 2003, 2004-இல் இணையத்தில் வெப்டூன் வந்தது. புரட்ட வேண்டாம், மேலிருந்து கீழே விரலால் தள்ளிக்கொண்டே போகலாம். அச்சுக்கூலி இல்லாததால் முழு வண்ணம். நேரம் கடக்கிறதா, இரண்டு படத்துக்கு நடுவே வெற்றிடத்தை நீளமாக விட்டால் போதும். திரை சின்னது, அதனால் கூட்டமான படம் கிடையாது. முகமும் ஒரு வரி வசனமும்தான்.

பாணதீர்த்தத்தை வரையச் சொன்னால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜப்பானிய ஓவியர் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து, தாளைப் புரட்டியதும் அருவி முழுவதையும் முகத்தில் அறைந்தாற்போலக் காட்டுவார். கொரிய ஓவியர் ஒரே நெட்டைப் படமாக வரைவார். நம் கட்டை விரலோடு சேர்ந்து தண்ணீரும் கீழே விழும். இதில் எது உசத்தி என்பது கேள்வியே அல்ல.

கொரியாவின் 'சோலோ லெவலிங்' 2024-இல் அனிமேஷன் தொடராக வந்தபோது, அதைத் தயாரித்தது ஒரு ஜப்பானிய நிறுவனம். வாங்கிக்கொண்டிருந்தவர் கொடுக்கிறவராக ஆனது, தன் கைக்கு ஏற்ற பக்கத்தைத் தானே கண்டுபிடித்ததால்தான்.

இனி நம்மைப் பற்றி. நம்மிடம் சொந்தச் சரக்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாண்டுமாமா எழுத, செல்லம் வரைந்த சித்திரக்கதைகளை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தமிழில் காமிக்ஸ் என்றால் பெரும்பாலும் மொழிபெயர்ப்புதான். மொழிபெயர்த்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் இல்லாவிட்டால் வாசகரே உருவாகியிருக்கமாட்டார். வாசகர் தயார். செல்போன் என்ற பக்கமும் எல்லார் கையிலும் தயார். அச்சுக்கூலிக்கு ஆள் தேட வேண்டாம். கதைக்கா பஞ்சம்? ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இருக்கின்றன, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை இருக்கிறது, கொடைக்குக் கொடை கேட்கிற இசக்கி கதை இருக்கிறது. இவற்றைப் பெரிய கண்ணும் கூர்மூக்குமாக ஜப்பான் பாணியில் நகல் எடுத்தால் போதாது. வில்லுப்பாட்டில் வருகிற அந்த 'ஆமா'வைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று நம் பிள்ளைகளே யோசித்தால்தான் அது நம்முடையதாகும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கிறோம், ஓட்டப்பந்தயத்துக்குக் கொடுக்கிறோம். நோட்டின் ஓரத்தில் படம் போட்டுத் திட்டு வாங்குகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. கதை எழுதத் தெரிந்த இன்னொருவரை அந்தப் பிள்ளையோடு சேர்த்துவிடுங்கள். பொருநைக் கரைக் கதை ஒன்றைச் செல்போனில் படிக்கிற மாதிரி வரையச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு பரிசு போதும். முதல் வருஷத்துப் பரிசுப் பணம் என்னுடையது.