முதலீட்டாளர் விசா: கையெழுத்திடுமுன் ஒரு சொல்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வேலை விசாவில் வளைகுடா சென்று உழைத்த நம் மக்கள், இன்று சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணத்துடன் முதலீட்டாளர் விசாவை நாடுகின்றனர். இது மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சியே. ஆனால், வீட்டுப் பெண்களின் நகைகளை அடகு வைத்து அந்த விசாவை வாங்குவோருள் பலர், தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை அறியாமலேயே கையெழுத்திடுகின்றனர். ஆகவே, நம் மக்கள் மிகுதியாகச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தை முன்வைத்துச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அமீரகத்தில் நெடுங்காலமாக, மண்டலங்களுக்கு வெளியே நிறுவனம் தொடங்குவோர் நூற்றுக்கு 51 பங்கை அந்நாட்டுக் குடிமகன் ஒருவரின் பெயரில் வைக்க வேண்டியிருந்தது. 1985இல் தொடங்கப்பெற்ற ஜபல் அலி போன்ற தடையற்ற வணிக மண்டலங்களில்தான் வெளிநாட்டவருக்கு முழு உரிமை கிடைத்தது. திருத்தப்பட்ட நிறுவனச் சட்டத்தின்படி, 2021 ஜூன் 1 முதல் பாதுகாப்பு, வங்கி போன்ற சில துறைகள் நீங்கலாகப் பெரும்பாலான தொழில்களில் முழுப் பங்கையும் வெளிநாட்டவரே வைத்துக்கொள்ளலாம். எனினும், தடையற்ற மண்டலத்தில் உரிமம் பெற்றவர் தேரா கடைத்தெருவில் கடை திறக்க அந்த உரிமம் மட்டும் போதாது. குறைந்த கட்டணம் என்று கேட்டவுடன் மயங்குவோர் இதனை முதலில் விசாரித்தல் வேண்டும்.

விசா என்பது தொழிலைப் பின்தொடர்ந்து வருவது. முதலில் வணிகப் பெயரைப் பதிவு செய்து, முன் அனுமதி பெற வேண்டும். அதன்பின் பங்குதாரர் ஒப்பந்தம், கடை வாடகை ஒப்பந்தத்தின் பதிவு, கட்டணம் ஆகியவை முடிந்தால் வணிக உரிமம் கிடைக்கும். பிறகு குடிவரவுத் துறையில் நிறுவனத்திற்கான அட்டை பெற வேண்டும். இவ்வளவும் ஆனபின்தான் நுழைவு அனுமதி, மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு, அடையாள அட்டை என்று விசாவின் படிகள் வருகின்றன. சாதாரண முதலீட்டாளர் விசா பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குரியது. உரிமத்தையோ வழக்கமாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் வீழ்ந்தால் விசாவும் நிலைக்காது. தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினாலும் இந்த விசா பொதுவாகச் செல்லாததாகிவிடும். 20 இலட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து வாங்குவோர் பெறும் பத்தாண்டு கோல்டன் விசா வேறு; இதனை அதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது.

இனி எங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்கிறோம். 1998இல் நாங்கள் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடை திறந்தோம். காசோலைகளில் கையெழுத்திடும் பொறுப்பு மூத்தவரிடம் இருந்தது. 2003இல் அவர் தம் பங்கைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். கைகுலுக்கி விடைபெற்றோம், ஆனால் உரிமத்திலிருந்து அவர் பெயரை நீக்கவில்லை. அவர் கையெழுத்திட்டு வைத்திருந்த வெற்றுக் காசோலைகளும் எங்கள் மேசை அறையிலேயே கிடந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து வியாபாரம் நலிந்தபோது, அக்காசோலைகளுள் ஒன்றை வாடகைக்குக் கொடுத்தோம். கணக்கில் பணமின்றி அது திரும்பிற்று. அவருக்கு நாங்கள் தகவல்கூடச் சொல்லவில்லை. மகளைப் பார்க்க வந்தவரை விமான நிலையத்திலேயே நிறுத்தினார்கள். பதினொரு நாட்கள் காவலில் இருந்தார். சரக்கைப் பாதி விலைக்கு விற்றுப் பணம் கட்டி அவரை மீட்டோம். வெளியே வந்த அவர் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அந்த மௌனம் இன்றும் எங்களை உறுத்துகிறது.

2022 ஜனவரி முதல், பணமின்றித் திரும்பும் காசோலை பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. ஆயினும் காசோலை வைத்திருப்பவர் நேரே நிறைவேற்று நீதிமன்றத்தை அணுகலாம். சொத்து முடக்கமும் பயணத் தடையும் நேரலாம். உரிமத்தில் நம் பெயர் ஏறும்போது உரிமையோடு பொறுப்பும் ஏறுகிறது என்பதே இதன் பாடம்.

ஆகையால், "தொழில் எதுவும் செய்ய வேண்டாம், ஒரு நிறுவனத்தில் பங்குதாரராகப் பெயர் சேர்த்து விசா எடுத்துத் தருகிறோம்" என்று சொல்வோரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. காணாத கடைக்கும் அறியாத கடனுக்கும் அங்கே நாம் பங்காளியாகிறோம். சவூதியில் உரிமையற்றவர் மற்றவர் பெயரில் தொழில் நடத்துவதும், அதற்குத் தம் பெயரைக் கொடுப்பதும் குற்றங்கள். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரியால் வரை அபராதமும் உண்டு.

பணம் செல்லும் வழியும் நேராக இருத்தல் வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை இலட்சம் டாலர் வரை வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கெடுப்போர், 2022ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கியில் உரிய படிவங்களையும் தர வேண்டும். உண்டியல் வழியே அனுப்பினால், 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அத்தொகையைப் போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கப்படலாம்.

அமீரகம் வரியில்லா நாடு என்ற பழைய எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். 2018 முதல் 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி உள்ளது. 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளில், 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட வரிக்குரிய இலாபத்திற்கு 9 விழுக்காடு நிறுவன வரியும் வந்துள்ளது.

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள். அரபியிலுள்ள ஒப்பந்தத்தை, முகவரைச் சாராத மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு படித்தறிந்தபின் கையெழுத்திடுங்கள். ஓராண்டு வாடகையையும் உரிமக் கட்டணத்தையும் முதலீட்டுக்கு வெளியே தனியாக வைத்திருங்கள். கூட்டாளி உடன்பிறந்தவராயினும் பங்கையும் கடனையும் எழுதுங்கள். விலகும் நாளில் உரிமத்திலிருந்து பெயரை நீக்கி, காசோலைகளையும் கிழித்துவிடுங்கள். கடனை எழுதிவைக்கும்படி திருமறையின் அல்பகரா அத்தியாயம் 282ஆம் வசனம் பணிப்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்திருந்தும் எழுதாமல் விட்டோம். அதன் விலையை எங்கள் நண்பர் செலுத்தினார்.

அத்தகைய நிலை நம் பிள்ளைகள் எவருக்கும் நேராதிருக்க வல்ல இறைவன் துணைபுரிவானாக! வஸ்ஸலாம்.