பெரிய கோப்பும் சிறு துண்டுகளும்

உபகாரச் சம்பளத்துக்கும் மேற்படிப்புக்கும் நம் பிள்ளைகள் இன்று பெரும்பாலும் இணையத்தின் வழியே மனுச் செய்கிறார்கள். சான்றிதழ், பிறப்புப் பத்திரம், சில வேளைகளில் பேசிப் பதிவு செய்த வீடியோ, யாவையும் கைப்பேசியிலிருந்தே ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. முக்கால் பங்கு ஏறியதும் லைன் அறுந்துவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் கடைசித் தேதி கடந்துவிடலாம். கோப்பு போய்ச் சேராததால் ஒரு பிள்ளையின் படிப்பு தடைப்படலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடியோவின் அளவு 40 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபைட்டுக்கு 8 மெகாபிட். ஆக 320 மெகாபிட். நொடிக்கு 1 மெகாபிட் ஏற்றும் லைனில் இதற்கு 320 நொடி ஆகும். முழுக் கோப்பையும் ஒரே மூட்டையாக அனுப்பும்போது, 270-ஆவது நொடியில் லைன் அறுந்தால் அத்தனையும் வீண்.

செம்பனைத் தோட்டத்தில் நாம் எப்படிச் செய்கிறோம்? குலைகள் எல்லாவற்றையும் ஒரே நடையில் சாலைக்குக் கொண்டுவருவதில்லை. தள்ளுவண்டியில் நடை நடையாகக் கொண்டுவந்து அடுக்குகிறோம். கிராணி எண்ணிக் குறித்துக்கொள்கிறார். ஒரு வண்டி சரிந்தால், அந்த நடையை மட்டும்தான் திரும்பச் செய்கிறோம்.

கோப்பையும் இப்படியே அனுப்பலாம். 40 மெகாபைட்டை 5 மெகாபைட்டாக வெட்டினால் 8 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 40 நொடி. 270-ஆவது நொடியில் லைன் அறுந்தாலும் 6 துண்டுகள் சேர்ந்திருக்கும். ஏழாவதிலிருந்து தொடர்ந்தால் போதும். வந்த துண்டுகளை அங்குள்ள கணினி குறித்து வைத்து, எல்லாம் வந்தபின் வரிசையாக ஒட்டி, மூலக் கோப்போடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கும்.

இன்னொரு தடையும் உண்டு. பி.எச்.பி. மொழியில் அமைந்த தளங்களில், அமைப்பவர் மாற்றாவிட்டால், ஒரு கோப்புக்கு 2 மெகாபைட்தான் எல்லை. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே இதைத் தாண்டிவிடக்கூடும். திரையில் 413 என்ற எண் தோன்றினால், அனுப்பியது அளவுக்கு மீறியது என்று பொருள்.

ஆகவே, முதலில் பக்கத்தில் குறித்துள்ள அளவைப் படிப்போம். படத்தைச் சிறிதாக்கி அனுப்புவோம். கடைசி இரவுக்கு ஒத்திப்போடாமல் சில நாள் முன்னதாகவே முடிப்போம். ஏறி முடியும்வரை பக்கத்தை மூடாதிருப்போம். மனு கிடைத்ததற்கான எண்ணைக் குறித்து வைப்போம்.

இவை நம் கையில் உள்ளவை. துண்டாக்கி வாங்குவதோ தளத்தை அமைப்பவர் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகளிலும் பலர் கணினி படிக்கிறார்கள். நாளை அவர்கள் ஒரு தளத்தை அமைக்கும்போது, பட்டணத்து வேகமான லைனில் மட்டும் சோதித்துப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. தோட்டத்து வீட்டின் மெலிந்த லைனிலும் கோப்பு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதை இன்றே அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.