பற்றரியை மாற்றுமுன்

நள்ளிரவு. வன்னிப் பகுதிக் கிராமமொன்றிலே, வாடகை வான் ஓட்டிக் குடும்பத்தைக் காத்துவரும் ஒருவரின் வீட்டுக் கதவு தட்டப்படுகின்றது. அயல் வீட்டுப் பெண்ணொருத்திக்குப் பேற்று நோவு கண்டுவிட்டது. வைத்தியசாலையோ இருபது கிலோமீற்றருக்கு அப்பால். அவர் விரைந்தெழுந்து வானில் ஏறித் திறப்பைத் திருப்புகின்றார். 'டிக், டிக்' என்னும் மெல்லோசையன்றி வேறொன்றும் எழவில்லை. அயலார் நால்வர் கூடி வானைத் தள்ளிய பின்னரே இயந்திரம் உயிர்பெற்றது. அன்று தாயும் சேயும் நலமாகவே மீண்டனர். ஆயினும் அச்சிறு நேரத்தில் அவ்வீட்டார் பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

இஃது எடுத்துக்காட்டாகப் புனைந்துரைத்த நிகழ்ச்சியே; எனினும், மோட்டார் வண்டி ஓடும் எவ்வூரிலும் நிகழக்கூடியது. மறுநாட் காலையில் அவ்வோட்டுநர், இத்தகைய வேளையிற் பெரும்பாலார் செய்வதையே தாமும் செய்தார். பட்டினத்துக்குச் சென்று, முதலில் நுழைந்த கடையில், முதலிற் காட்டிய பற்றரியை வாங்கிப் பூட்டிக்கொண்டார். எட்டு மாதங்கள் கழிந்தன. அப்புதிய பற்றரியும் பழையதன் வழியே சென்றது. அப்பொழுதுதான் முதிய திருத்துநர் ஒருவர் வானின் முன்பாகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, குளத்தைப் புதுக்கினீர்; குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் பார்த்தீரா?" என்று வினவினார். மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ற் தளர்ந்திருந்தது. பற்றரியின் முனையொன்றிலே பச்சைப் பொருக்குப் படிந்திருந்தது. முதற் பற்றரி இறந்ததன் காரணம் ஆராயப்படாமையால், இரண்டாவதும் அதே காரணத்தால் இறந்தது.

அத்திருத்துநர் சொன்ன உவமையின் பொருத்தத்தை அறிய, பற்றரி தொழிற்படும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈயப் பற்றரியை 1859 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே ஆக்கினார். இற்றை நாள் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் உள்ளது அதன் வழித்தோன்றலே. ஒன்றோடொன்று தொடுத்த ஆறு கலங்கள் அதனுள் உள்ளன. ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடுகளும் ஈய ஒட்சைட்டுத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்துள்ளன. கலமொன்று ஏறத்தாழ 2.1 வோல்ற்றுத் தருவதால், ஆறுங் கூடி 12.6 வோல்ற்று ஆகின்றது. முற்காலத்திலே வண்டிகளைக் கைப்பிடியாற் சுழற்றியே தொடக்கினர். 1912 ஆம் ஆண்டிலே கடிலாக் வண்டிகளில் மின்தொடக்கி பொருத்தப்பட்ட பின்னர் அப்பெருஞ் சுமை பற்றரியின்மேல் வந்தது. இயந்திரத்தைத் தொடக்கும் சில விநாடிகளில் நூற்றுக்கு மேற்பட்ட அம்பியர் மின்னோட்டத்தை அது வழங்குகின்றது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும், செலவான மின்னை மின்னாக்கி திரும்ப நிரப்புகின்றது. நிரப்புதல் குறையுமாயின், தகடுகளில் உண்டான ஈயச் சல்பேற்று நாளடைவிற் கடினமான பளிங்குகளாக இறுகிவிடும். அதன்பின் எத்துணை மின்னேற்றினும் பற்றரி பழைய வலிமையைப் பெறாது.

ஆதலின், புதிய பற்றரிக்குப் பணம் எண்ணுமுன் செய்யவேண்டிய சோதனைகள் சில உள. வண்டி ஓரிரவு ஓய்ந்திருந்தபின் வோல்ற்றுமானியாற் பார்க்கும்போது 12.6 அளவிற் காட்டினால் பற்றரி நிறைந்துள்ளது, 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி; 12.0 இற்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலும் வெறுமை. அடுத்து, இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை காட்டுதல் முறை. இயந்திரம் ஓடியும் 12.5 இற்கு மேல் ஏறாதாயின் குற்றம் பற்றரியிலன்று. மின்னாக்கியிலோ, பெல்ற்றிலோ, கம்பியிலோ உள்ளது. 15 ஐத் தாண்டுமாயின் மிகை மின்னேற்றத்தால் நீர் வற்றித் தகடுகள் கெடும். மின்னேற்றம் சீராக இருந்தும் காலையில் வோல்ற்று வீழ்ந்திருந்தால், வண்டி நிற்கும்போது ஏதோவொன்று மின்னை உறிஞ்சுகின்றது எனக் கொண்டு அதனைத் தேடுதல் வேண்டும். இவையனைத்தும் செம்மையாக இருந்தும், நிறைய மின்னேற்றிய பற்றரி தொடக்கியைச் சுழற்றமாட்டாது சோருமாயின், அதன் காலம் முடிந்தது எனத் துணியலாம்.

இனி, புதியதைத் தெரிவு செய்யும் வகை. இலங்கையில் ஓடும் வண்டிகளிற் பல யப்பானில் ஆக்கப்பட்டவை. ஆதலின் பற்றரியின்மேல் 55பி24எல் போன்ற குறியீடுகள் காணப்படும். இதில் 55 என்பது வலிமையின் தரம். 'பி' என்பது அகலமும் உயரமும் பற்றிய வகுப்பு. 24 என்பது சென்ரிமீற்றரில் நீளம். 'எல்' என்பது முனைகள் அமைந்த பக்கம். ஈற்றெழுத்து மாறினால் கம்பிகள் எட்டாமற் போகலாம். வலிந்து இழுத்து மாறிப் பூட்டினால் வண்டியின் மின்னுறுப்புக்களே எரிந்துபோகலாம். வண்டியின் கைந்நூல் கூறும் அளவையே பின்பற்றுதல் நன்று. சில பற்றரிகளிற் குளிர்த்தொடக்க அம்பியர் எனப் பேரெண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைச் செல்சியசில் அளக்கப்படுவது. நுவரெலியாவிற் கூட அத்தகைய குளிர் இல்லை. ஆகவே கைந்நூல் கேட்கும் அளவு இருந்தாற் போதும்; அவ்வெண்ணின் பெருமைக்காக மிகைவிலை கொடுத்தல் வேண்டா.

வகையையும் கவனித்தல் இன்றியமையாதது. வீதிச் சமிக்ஞையில் தானே நின்று தானே தொடங்கும் வண்டிகளுக்கென வலிமை கூடிய தனிவகைப் பற்றரிகள் உள. அங்கே சாதாரண வகையைப் பூட்டினால் விரைவிற் கெடும். கலப்பு மின்வண்டிகள் சிலவற்றிலே, பிரியசிற் போல, சிறிய 12 வோல்ற்றுப் பற்றரி வண்டியின் பின்புறத்து உள்ளிடத்தில் வைக்கப்பட்டுள்ளது. அங்கே மூடிய வகையையே, வாயுவை வெளியேற்றும் குழாயோடு பொருத்துதல் வேண்டும். அவ்வண்டிகளின் உயர் வோல்ற்றுப் பற்றரியோ பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடத்தக்கது.

கடையிற் கேட்கவேண்டிய முதல் வினா விலையன்று, ஆக்கிய திகதி. நிரப்பிய பற்றரி கடையில் வைத்திருக்கும்போதே சிறிது சிறிதாக மின்னிழக்கும். வெப்பத்தில் இன்னும் விரைவாக இழக்கும். பல மாதங்கள் மின்னேற்றாது கிடந்தது, புதியதாயினும் முதியதே. உத்தரவாதச் சீட்டிலே திகதியும் கடை முத்திரையும் இடப்பெற்றுள்ளனவா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பூட்டும்போது ஓர் ஒழுங்கு உண்டு. கழற்றுகையில் எதிர்முனையை முதலிற் கழற்றி, பூட்டுகையில் அதனை இறுதியிற் பூட்டுதல் வேண்டும். நேர்முனையைத் திருகும் ஸ்பனர் வண்டியின் உடலிற் பட்டாலும் அப்பொழுது தீப்பொறி எழாது. பற்றரியிலிருந்து வெளிப்படும் ஐதரசன் வாயு வெடிக்கும் இயல்பினது. ஆதலின் அருகில் சுருட்டோ தீக்குச்சியோ ஆகாது. பற்றரி ஆடாதவாறு இறுக்கிப் பிணித்தலும் வேண்டும்; குன்றும் குழியுமான வீதியில் ஆடும் பற்றரியின் தகடுகள் உதிர்ந்துவிடும்.

பேணுதற்கு ஆகும் செலவு சிறிது. முனைகளிற் படியும் பொருக்கை, மூடிகள் இறுக்கமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, அப்பச்சோடாக் கரைசலாற் கழுவித் துடைத்து, முனைகளைப் பூட்டியபின் சிறிது வசிலின் பூசுதல் நன்று. மூடி திறக்கும் வகையாயின், மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். குறைவது நீரேயன்றி அமிலமன்று; ஆதலின் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே விடுதல் முறை. கிணற்று நீர், சிறப்பாகச் சுண்ணக்கல் நிலத்து யாழ்ப்பாணக் கிணற்று நீர், உப்புக்களைத் தகடுகளிற் சேர்த்துக் கெடுக்கும். வெப்பமும் பெரும் பகை. ஏறத்தாழப் பத்துப் பாகை வெப்பம் கூடினால் உள்ளே நிகழும் தேய்வு இருமடங்காகும் என்பர். உலர் வலயத்தின் வெயிலில் நாள் முழுதும் வண்டியை நிறுத்துவோர், நிழல் தரும் மரத்தையும் பற்றரியின் வைத்தியராகக் கருதலாம்.

ஓடாத வண்டியின் பற்றரியும் கெடும் என்பதைப் பலர் உணர்வதில்லை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நெடுநாள் அசையாது நின்ற வண்டிகளின் உடையோர் இதனை அனுபவத்தில் அறிந்திருப்பர். வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் ஓட்டுதல், இயலாவிடின் எதிர்முனையைக் கழற்றிவைத்தல் பொருத்தமாகும். இயந்திரம் ஓயும்போது முன்விளக்குகளை எரியவிடுதலும் தீது. இரு 55 வாற்று விளக்குகள் ஏறத்தாழ ஒன்பது அம்பியர் இழுப்பதால், 45 அம்பியர்மணிப் பற்றரி ஐந்து மணி நேரத்தில் வெறுமையாகிவிடும்.

பழைய பற்றரியின் கதை கடையோடு முடிவதன்று. அதனுள் இருக்கும் ஈயம் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தத்தக்கது. ஆயின் வீட்டு முற்றத்திலே உடைத்து உருக்கினால், அதன் தூசும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சாகும். விற்ற கடையிலேயே அதனை ஒப்படைத்துவிடுதல் கடமையும் இலாபமும் ஆம்.

வன்னியின் வான் ஓட்டுநர் மூன்றாவது பற்றரி வாங்குமுன் பெல்ற்றை மாற்றினார், முனைகளைத் துலக்கினார், மின்னேற்றத்தை அளப்பித்தார். இப்பொழுது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தேநீர் அருந்துமுன், வானின் முன்பாகத்தைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். நள்ளிரவில் மீண்டும் கதவு தட்டப்படலாம். அப்பொழுது திறப்பின் ஒரு திருப்பில் வான் புறப்படல் வேண்டும் என்பதே அவர் நோக்கம்.